நகராத கார்டு

“வேலை நகர்ந்துகிட்டுதாம்மா இருக்கு, கார்டுதான் நிக்குது” என்று எங்கள் மென்பொருள் குழுவின் மூத்தவர் ஒருவர் சொன்னார். அதற்கு நான் சொன்ன பதில் இரண்டு ஆண்டுகள் ஆகியும் மனத்தை விட்டு இறங்கவில்லை. “போர்டுல இல்லாத வேலையை நான் எப்படி சார் வேலைன்னு எடுத்துக்கறது?”

அன்றைய ஸ்டாண்ட்-அப்பில், அதாவது குழுவின் தினசரிச் சிறு சந்திப்பில், போர்டை நான்தான் திரையில் பகிர்ந்திருந்தேன். ஜிரா என்ற மென்பொருளில், அந்த ஸ்பிரிண்டின் (குறுகிய கால வேலைச் சுற்றின்) ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டாக, அதன் நிலைக்கேற்ற பத்தியில் நிற்கும் பலகை அது. ‘இன் ப்ராக்ரஸ்’ பத்தியில் அவருடைய கார்டு ஆறாவது நாளாக நின்றுகொண்டிருந்தது. அசையாத நாட்கள் கூடக்கூடக் கார்டின் அடியில் புள்ளிகள் கூடும்படி அமைத்து வைத்திருந்தவளும் நான்தான். குழுவினர் எட்டுப் பேரோடு டெலிவரி மேலாளரும் அழைப்பில் இருந்தார். கார்டுக்கு உரியவரோ என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருவர் எழுதிய கோட் ஒன்றோடொன்று மோதும் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தால் பதறாமல் தீர்ப்பது எப்படி என்று பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிம்மா, அப்டேட் பண்ணிடறேன்” என்றார். நான் அடுத்த கார்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் தேநீர் இடைவேளையில் தற்செயலாகச் சொன்னான். பணம் திருப்பி அனுப்பும் பகுதியை அவன் எழுதியிருந்தான். நெட்வொர்க் தடைபட்டு அதே கோரிக்கை மறுபடி வந்தால், ஒரே தொகை இரண்டு முறை போய்விடும்படி அது அமைந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். தானே திருத்திவிட்டுப் போகாமல், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் எதற்காக வேண்டும் என்று அவனுக்கு விளங்கும்வரை நான்கு மாலைகள் கூடவே அமர்ந்திருக்கிறார். அவனுடைய கார்டு உரிய நாளில் ‘டன்’ (முடிந்தவை) பத்திக்குப் போனது. ஸ்பிரிண்ட் முடிவில் கூடிப் பேசும் ரெட்ரோவில் அவனைப் பாராட்டினோம். அவர் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லா வேலையும் போர்டில் இருக்க வேண்டும் என்ற அந்த விதியை நான் வீம்புக்காகக் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய திட்டமொன்றில், மென்பொருளைப் பயன்பாட்டுக்கு ஏற்றும் டிப்ளாய்மென்ட் விவரம் முழுவதும் ஒரே ஒருவரின் தலைக்குள் இருந்தது. அவருடைய தந்தைக்கு உடல்நலம் கெட்டு அவர் ஊருக்குப் போனபோது ரிலீஸ் நான்கு நாள் தள்ளிப்போனது. மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு அவர் எங்களுக்குத் தொலைபேசியில் வழிசொன்ன குரல் இன்றும் நினைவிருக்கிறது. இனி யாருக்கும் அந்த நிலை வரக் கூடாது என்றுதான் எல்லாம் ஜிராவில் இருக்க வேண்டும் என்றேன். அதனால் நன்மையும் விளைந்தது. டெஸ்டர்களிடம் எவ்வளவு வேலை குவிகிறது என்பது முதன்முறையாக எல்லோர் கண்ணிலும் பட்டது. யாருடைய கோட் ரிவியூவுக்காக, அதாவது சரிபார்ப்புக்காக, யார் காத்திருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய, மென்பொருள் உருவாக்கும் முறை பற்றிய அஜைல் அறிக்கை, செயல்முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்களுக்கிடையிலான உறவாடலும் முக்கியம் என்றுதான் தொடங்குகிறது. ஆனால் செயல்முறைகளுக்கும் கருவிகளுக்கும்கூட மதிப்புண்டு என்று அதே அறிக்கை சொல்கிறதே என்று எனக்கு நானே பலமுறை வாதாடியிருக்கிறேன். உண்மையில் என்னைக் குத்துவது அறிக்கை அல்ல, ஸ்பிரிண்டும் தினசரிச் சந்திப்பும் கொண்ட ஸ்க்ரம் என்ற வேலைமுறையின் வழிகாட்டி, அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு. தினசரிச் சந்திப்பின் அந்தப் 15 நிமிடங்கள் டெவலப்பர்களுக்கு உரியவை என்று அதில் இருக்கிறது. நேற்று என்ன செய்தாய் என்று தொடங்கும் பழைய மூன்று கேள்விகள்கூட அந்தப் பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டன. அதைப் படித்துத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்ற நான், மேலாளர் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு மனிதரிடம் கணக்குக் கேட்டேன்.

அதற்குப் பிறகு அவருடைய கார்டுகள் நாள்தோறும் நகர்ந்தன. ‘உதவி – 30 நிமிடம்’ என்று சப்-டாஸ்க்குகள் முளைத்தன. மற்றவர்களும் வேலையை ஒருநாள் துண்டுகளாக உடைக்கத் தொடங்கினார்கள். வேலை அப்படி உடைவதாக இருந்ததால் அல்ல, புள்ளிகள் தோன்றாமலிருக்க. மீதமுள்ள வேலையைக் காட்டும் பர்ன்-டவுன் கோடு அவ்வளவு சீராக இறங்கி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மேலாளர் அதைப் பிற குழுக்களுக்குக் காட்டினார். அதே வாரத்தில் புதிய பையன் குழு சாட்டில் “யாராவது கொஞ்சம் பார்க்க முடியுமா?” என்று கேட்டதற்கு, “டிக்கெட் போடுப்பா” என்று, அதாவது அதற்கும் ஒரு கார்டு போடச் சொல்லி, ஒருவர் பதில் எழுதினார். அந்தச் சொல்லை எங்கள் குழுவுக்குள் கொண்டுவந்தவள் நான்.

சிலவற்றை மாற்றினேன். இப்போது போர்டை வலக்கோடிப் பத்தியிலிருந்து பார்க்கிறோம். முடியும் தறுவாயில் இருக்கும் கார்டைப் பற்றி, அதை முடிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறோம், வைத்திருப்பவரின் பெயரை விளிப்பதில்லை. ரிவியூவில் மூன்று கார்டுகள் நின்றால் புதிய வேலையை யாரும் எடுப்பதில்லை. ஆள்வாரியான அறிக்கையை அனுப்புவதை நிறுத்தினேன். ஸ்பிரிண்ட் திட்டமிடும்போது ஐந்தில் ஒரு பங்கு நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் விடச் சொன்னேன். அந்த நேரம் எங்கே போகிறது என்று மேலாளர் கேட்டபோது, அதற்கும் ஒரு கார்டு போட்டேன். இது சரியா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவர் வேறு திட்டத்துக்கு மாறிப்போனார். விடைபெறும் நாளில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருடைய மேசைவரை போனேன். நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்டால் விதியே தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று அப்போது தோன்றியது. அது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அப்படியானால் கேட்ட தொனிக்காகவாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பதற்கு என்னிடம் பதிலில்லை.

போன வாரம் வேறெதையோ தேடும்போது அந்தக் கார்டு கண்ணில் பட்டது. வரலாற்றுப் பகுதியில் ஒவ்வொரு மாற்றமும் மணி நிமிடத்தோடு பதிவாகியிருந்தது. அந்த ஆறு நாட்களுக்கு எதிரே நான்கு கமென்ட்டுகள் இருந்தன. நான்கும் நான் எழுதியவை. நான்கிலும் “நிலை என்ன?” என்று மட்டுமே இருந்தது.