நம்பிக் கொடுத்த பணமா, பயந்து கொடுத்த பணமா

மோசடியும் மிரட்டிப் பணம் பறித்தலும் ஒரே முதல் தகவல் அறிக்கையில் சேர்ந்து வரும்போது, முன்ஜாமீன் மனு தயாரிக்கும் வழக்கறிஞருக்குத் தீர்ப்புகளைத் தேடுவதைவிடத் தேதிகளை வரிசைப்படுத்துவதே பெரிய வேலை என்பது தஞ்சைப் பகுதி நீதிமன்றங்களில் நான் கண்டது. ஏமாந்தவர் நம்பிக் கொடுக்கிறார். மிரட்டப்பட்டவர் பயந்து கொடுக்கிறார். ஒரே தொகையை இரண்டு விதமாகவும் கொடுத்ததாகச் சொல்லும் புகார் எங்காவது இடறும்.

பாபநாசம் பக்கத்து நஞ்சை ஒன்றுக்கு முன்பணம் வாங்கிய தரகருக்காக நான் ஆஜரான வழக்கு அப்படிப்பட்டது. கிரயம் முடியாத நிலையில், பணத்தைத் திருப்பிக் கேட்டவரையே மிரட்டி மேலும் ஒரு தொகையைப் பறித்தார் என்பது புகார். பறித்ததாகச் சொல்லப்பட்ட அந்தத் தொகை, கிரய ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் கூடுதல் முன்பணமாக, புகார்தாரரின் கையெழுத்தோடேயே வரவு வைக்கப்பட்டிருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) (மோசடி), 308(2) (மிரட்டிப் பறித்தல்) ஆகிய இரு பிரிவுகளுக்கும் உச்ச தண்டனை 7 ஆண்டுகள்தான். ஆகவே, 7 ஆண்டுகள் வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைதுக்கு முன் அதன் அவசியத்தைக் காவல்துறை எழுத்தில் காட்ட வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்பும் எங்களுக்குத் துணை நின்றது. (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் மிரட்டிப் பறித்தலுக்கு 3 ஆண்டுகளே இருந்தன.)

அமர்வு நீதிமன்றத்தில் மனு தள்ளுபடியானதால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனோம். கும்பகோணத்துக்காரர் மதுரைக்கும், பக்கத்திலேயே இருக்கும் வலங்கைமான்காரர் திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னைக்கும் போகவேண்டிய விசித்திரம் டெல்டாவில் உண்டு.

"பாதிப் பணத்தைக் கட்டிடுறோம்னு சொல்லிடலாமா, சார்?" என்று தரகரின் தம்பி கேட்டார். அப்படிச் சொன்னால் ஜாமீன் சுலபமாகக் கிடைக்கலாம்; ஆனால் கெடு தவறினால் அதையே காட்டி ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள். முன்ஜாமீன் விசாரணையைப் பணவசூல் நடவடிக்கையாக மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் கண்டித்திருக்கையில், நாமாக அந்தப் பொறியில் தலையை நீட்டுவானேன் என்று மறுத்துவிட்டேன்.

காவலில் எடுத்து விசாரிக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு எதிர்த்தது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்த நீதிபதி, எல்லாம் ஆவணத்திலேயே இருக்கும்போது காவலில் எதைக் கைப்பற்றப் போகிறீர்கள் என்று கேட்டார். இரண்டு ஜாமீன்தாரர்களோடு, தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையில் உத்தரவானது. சம்பா அறுவடை நேரத்தில் அது தரகருக்குக் கஷ்டம்தான். சில வாரம் தவறாமல் போய்வாருங்கள், பிறகு தளர்வு மனு போடலாம் என்று சொல்லி அனுப்பினேன். முன்பணத்துக்கான சிவில் வழக்கு தனியே நடக்கிறது.