இரண்டு நிமிடப் படமும் அப்புச்சியின் தறியும்

எங்கள் கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் வருடத்துக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். முழுப் படம் வேண்டாம், ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் டைட்டிலோடு எடுத்துத் தர வேண்டும். நாலு பேர் ஒரு டீம், பத்து வாரம். என்ன வகைப் படம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பக்கத்து டீமுக்குக் காதல் வந்தது, அவர்கள் அன்றைக்குச் சாயங்காலமே பேரூர் படித்துறைக்கு லொக்கேஷன் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். எங்களுக்கு வந்தது சயின்ஸ் ஃபிக்‌ஷன். கேன்டீனில் உட்கார்ந்து ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் வந்த ஐடியா, எல்லோருக்கும் வருவதுதான்: உலகம் அழிந்த பிறகு இரண்டு பேர் கவச உடையோடு நடந்து வருகிறார்கள். அதற்கு எங்கள் பக்கம் இடமா இல்லை? என் அம்மாவின் ஊர் சென்னிமலை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நொய்யலுக்குக் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டினார்கள், வந்து நின்றது திருப்பூர்ச் சாயக் கழிவு. போய்ப் பார்த்தோம். பைக் ஹெல்மெட்டில் அலுமினியத் தாள் ஒட்டி, ஒருவனுக்குப் போட்டு டெஸ்ட் ஷாட்டும் எடுத்தோம். மூச்சு விட்டதும் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, அவன் தடவித் தடவி நடந்து வந்ததைப் பார்த்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டது, "ஏனுங் தம்பி, கண்ணு தெரியலீங்ளா?" அதோடு அந்த ஐடியா முடிந்தது. சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தண்ணீரால் விவசாயத்தை விட்டவர்கள் சுற்றிலும் இருக்கிற ஊரில், அதை எங்கோ அந்நிய கிரகம் மாதிரி காட்டுவது எனக்கு ஒப்பவும் இல்லை.

மேடத்திடம் போய், பட்ஜெட் இல்லாமல் சயின்ஸ் ஃபிக்‌ஷன் எப்படி எடுப்பது என்று புலம்பினோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்காரர்கள் 1952இல் அமெரிக்கர்களோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தபோது நம் ஊர் யானைகளுக்கு ரோமத்தைப் போர்த்தி மாமூத் என்கிற ஆதிகால யானை ஆக்கிய கதையைச் சொல்லிவிட்டு, "உங்ககிட்ட யானை என்ன இருக்கு, அதைப் பாருங்க" என்றார்.

என்னிடம் இருந்த யானை, அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின் தறி. அது எனக்கு அப்போது தெரியவில்லை, டீமில் இருக்கிற ப்ரோக்ராமிங் பைத்தியம் ஒருத்தனுக்குத்தான் தெரிந்தது. லீவில் எல்லோரும் எங்கள் ஊருக்கு வந்தோம். ஈங்கூரில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனால், அப்புச்சி, குழிக்குள் காலை விட்டு மிதிக்கிற குழித்தறியில் போர்வை நெய்துகொண்டிருந்தார். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கி ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. இவன் வாயைப் பிளந்துவிட்டான். "டேய், ஓட்டை இருந்தா ஒன்று, இல்லைன்னா பூஜ்யம். இது பிட்மேப் டா!" கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகச் சேர்கிற படத்தைத்தான் அப்படிச் சொன்னான். விஷயம் உண்மைதான். 1804 வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு செய்த இந்த அட்டை முறையைத்தான் பிற்பாடு இங்கிலாந்துக் கணித அறிஞர் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே போகும், அதோடு பாவு நூல், அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் எழும்பும், அதற்குக் கீழே குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும். அப்புச்சியின் பெட்டியில் 240 கொக்கி. சின்ன வயதிலிருந்து அதற்கடியில் விளையாடியவள் நான், ஒரு நாளும் இப்படி நினைத்ததில்லை.

அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் கதை தானாக வந்தது. 1974இல் போர்ட்டோ ரிகோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து விண்வெளிக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள். மொத்தம் 1,679 பிட், அதாவது அத்தனை ஒன்றும் பூஜ்யமும். ஏன் அந்த எண் என்றால் அது 23ஐ 73ஆல் பெருக்கினால் வருவது, இரண்டும் பகா எண்கள். யார் கையில் கிடைத்தாலும் 23 பத்தி, 73 வரிசை என்று கட்டம் போட்டால் படம் தெரியும். கட்டம் போட்டால் படம் தெரிவது என்பது நெசவுதானே? ஆக, சென்னிமலையில் ஒரு கிழவர் காலையில் எழுந்து வருகிறார், ராத்திரி நிறுத்திய தறியில் அரை முழம் துணி கூடியிருக்கிறது, அவர் போடாத டிசைன். கைத்தறி என்பதுதான் இதில் முக்கியம். விசைத்தறி தானாக ஓடினால் எவனோ சுவிட்சைப் போட்டுவிட்டான் என்று போய்விடுவோம். கைத்தறி ஆள் இல்லாமல் ஓடாது.

பதில் செய்தியா என்று கேட்டதற்கு நம் ப்ரோக்ராமிங் ஆள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் செய்தி போகிற எம்13 நட்சத்திரக் கூட்டம் சுமார் 25,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, பதில் வர 50,000 வருடம் ஆகும், தப்பாக எடுத்தால் என் பேரைப் போடாதே என்றான். இந்தச் சண்டையில்தான் உருப்படியான விஷயம் கிடைத்தது. வந்தது பதில் இல்லை, நாம் அனுப்பிய அதே செய்தி, ஒரே ஒரு கட்டம் மட்டும் மாறியிருக்கிறது. வழியில் யாரோ கேட்டுவிட்டுத் திருத்தியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானி இல்லை, துணியில் ஒரு இழை தப்பினாலும் கண்ணில் படுகிற நெசவாளி.

சரி, கதை ஆச்சு. 31 ஷாட்டுக்கு ஸ்டோரிபோர்டு வரைந்து, படங்களைப் போனில் எடுத்து, நேரம் வைத்து அடுக்கி, வாயாலேயே 'டடக் டடக்' என்று தறிச் சத்தம் கொடுத்து ஒரு அனிமேட்டிக் செய்தோம். ஹாஸ்டலில் பத்து பேரைக் கூப்பிட்டுக் காட்டி, இது என்ன மாதிரிப் படம் என்று துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னோம். ஏழு பேர் 'பேய்ப் படம்' என்று எழுதினார்கள். ஒருவன் தறியில் செத்துப்போன பெண் யார் என்றே கேட்டுவிட்டான்.

மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்குப் பிறகு வந்த இரண்டு வாரம்தான். படங்களை வரிசையாகத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தால், அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. இருட்டு, சிம்னி விளக்கு, தானாக ஆடும் நாடா, கிழவரின் பயந்த முகம். நாங்களாகவேதான் பேயை அழைத்து வந்திருக்கிறோம். மேடம் ஒரே கேள்வி கேட்டார்: "துணியைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் என்ன பண்றார்?" பயப்படுகிறார் என்றோம். "உங்க அப்புச்சி நிஜமா அப்படி நடந்தா பயப்படுவாரா?" யோசித்துப் பார்த்தேன். மாட்டார். எத்தனை இழை, எத்தனை அடி (குறுக்கு நூலை ஒரு தடவை ஓட்டி அடித்தால் ஒரு அடி) என்று எண்ண ஆரம்பித்துவிடுவார். பயந்தால் பேய்ப் படம், எண்ணினால் சயின்ஸ் ஃபிக்‌ஷன், எங்களுக்கு அவ்வளவுதான் வித்தியாசம். இதைக் கண்டுபிடிக்க ஏழு துண்டுச் சீட்டு தேவைப்பட்டது.

அப்புறம் எல்லாம் மாறியது. ராத்திரிக் காட்சிகளைத் தூக்கிவிட்டுக் காலை ஏழு மணி வெயிலுக்கு வந்தோம். தறி தானாக ஓடும் ஷாட்டே வேண்டாம் என்று முடிவானது. (குழிக்குள் ஒருவனை ஒளித்து வைத்து மிதிக்கச் சொல்லி, நாடாக் கயிற்றைத் தூண்டில் நரம்பால் இழுக்கத் திட்டம் போட்டிருந்தோம், அவன் மட்டும் தப்பித்தான்.) திண்ணையில் ஒரு டிரான்சிஸ்டர் வைத்து, அதில் ஒரு வரிச் செய்தி: ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கியில் நேற்று இரவு ஒரு சிக்னல் பதிவாகியிருக்கிறது. அது நிஜமாகவே நமக்கு மேலே மலையில் இருக்கும் தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 1970இலிருந்து வேலை செய்கிறது, மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குப் பொருந்துகிற மாதிரி இடம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். நேரில் போய் ஒரு ஷாட் எடுக்க ஆசைதான், ஆனால் அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. 31 ஷாட் 17 ஆனது. மறுபடி வேறு பத்து பேருக்குக் காட்டினோம், ஒருவர் மட்டும் பேய் என்று எழுதினார். அவரை விட்டுவிட்டோம்.

துணியை நிஜமாகவே நெய்வது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கிராஃப் தாளில் 23க்கு 73 கட்டம் போட்டு அப்புச்சியிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு போட்ட டிசைனு? பூவும் இல்ல, கொடியும் இல்ல."

"அமெரிக்காக்காரங்க போட்டதுங்க அப்புச்சி."

"அவனுக்குப் போர்வை நெய்யத் தெரியாதாட்ட இருக்குது. 73 அடி நெஞ்சா ரெண்டு அங்குலங்கூட வராது அம்மிணி."

கணக்குப் போட்டால் சரிதான், அவர் போர்வைக்கு அங்குலத்துக்கு 40 அடி. எங்கள் பிரபஞ்ச ரகசியம் தபால் தலை அளவுக்குத்தான் வரும். ஒரு கட்டத்துக்குப் பத்து இழை, பத்து அடி என்று பெரிதாக்கினோம். 23 பத்திக்கு 230 கொக்கி, பெட்டியில் இருப்பது 240, அளந்து செய்த மாதிரி உட்கார்ந்தது. துள்ளிக் குதித்தோம். அவர் அதற்கும் தலையை ஆட்டினார். பத்து அடிக்கு ஒரே நூல் மேலேயே நின்றால் பிடிப்பு இருக்காது, தொங்கும், நடுநடுவே கட்டுப் புள்ளி வைக்க வேண்டும். அட்டை அடிக்கிற அண்ணன் வந்து கிராஃபில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்தார். ஒரு அடிக்கு ஒரு அட்டை, 730 அட்டைக்கு எங்களிடம் காசும் இல்லை, நாளும் இல்லை. முதல் 20 வரிசை மட்டும், 200 அட்டை. அந்த மேல்பகுதியில்தான் ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள் வருகின்றன, மாற்ற வேண்டிய கட்டத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, தீபாவளி முடிகிற வரைக்கும் தறியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆர்டர் இருந்தது. தீபாவளி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது, ஈரத்தில் பாவு ஒட்டும் என்று நாலு நாள் சும்மா கிடந்தது. பத்து வாரத்தில் ஷூட்டிங்குக்கு மிஞ்சியது ஒரு சனி, ஒரு ஞாயிறு.

கடைசி ஷாட்டை அப்புச்சிதான் கொடுத்தார், அவருக்கே தெரியாமல். அந்தத் தறியில் டிசைனின் நல்ல பக்கம் கீழே பார்த்து வரும். சரியாக வருகிறதா என்று பார்க்க, கை அளவு உடைந்த முகக் கண்ணாடி ஒன்றைத் துணிக்கு அடியில் நீட்டிப் பார்ப்பார். நாங்கள் அதைப் பார்த்த நிமிடமே, அதுவரை எழுதி வைத்திருந்த முடிவைக் கிழித்துப்போட்டோம். கண்ணாடி மெல்ல உள்ளே போகிறது, வெயில் பட்டுத் துணியின் அடிப்பக்கம் அதில் தெரிகிறது, வரிசையாகக் கட்டங்கள், ஒரு விரல் வந்து ஒரு கட்டத்தின் மேல் நிற்கிறது. "இது ஒண்ணு தப்பி இருக்குது." கருப்பு. டைட்டில்.

சொல்வது சுலபம். ஆட்டோஃபோகஸ் கண்ணாடியின் விளிம்பையும் அதன் மேல் இருந்த தூசியையும் பிடித்ததே தவிர, உள்ளே தெரிந்த துணியைப் பிடிக்கவே இல்லை. கண்ணாடி வரைக்கும் உள்ள தூரத்தோடு கண்ணாடியிலிருந்து துணி வரைக்கும் உள்ள தூரத்தையும் கூட்டிக் கையால் ஃபோகஸ் வைக்க வேண்டும் என்று புரிவதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது. 14 டேக். உள்ளே எடுத்த சில ஷாட்டுகளில் டியூப்லைட்டால் பட்டை பட்டையாகக் கோடு ஓடியது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், நாங்கள் போனில் நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்துக்கொண்டிருந்தோம். 25 ஃபிரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று மாற்றியதும் நின்றது. இதை முதல் நாளே டெஸ்ட் செய்திருக்க வேண்டும், ஹெல்மெட்டில் அலுமினியத் தாள் ஒட்டிய நேரத்தில் செய்திருக்கலாம்.

எடிட்டில் உட்கார்ந்த பிறகு நம் ஆள் மெதுவாகச் சொன்னான், கண்ணாடியில் எடுத்ததால் செய்தி இடம்வலம் மாறித் தெரிகிறது என்று. அந்த ஷாட்டை மட்டும் திருப்பிப்போட்டோம். அப்புச்சியின் மோதிரம் வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போனது, இதுவரை யாரும் கேட்கவில்லை.

டைட்டிலுக்கு 'பாவு' என்றுதான் பேர் வைத்திருந்தோம். அட்டையில் ஓட்டைகளாக எழுத்து வர, பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்பது திட்டம். 'வு' அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை, பணியாரம் மாதிரி வந்தது. வளைவு குறைந்த எழுத்தாகத் தேடித் தேடி, கடைசியில் 'பாடம்' என்று மாற்றினோம். ப, ட, ம மூன்றும் தறிக்கென்றே செய்த எழுத்துகள். ம் மேல் இருக்கும் புள்ளிக்கு ஒரே ஒரு ஓட்டை, அதுதான் கடைசியில் அணைகிறது.

மதிப்பெண் பரவாயில்லை, சத்தத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள், பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்கிறதாம். கேட்கிறதுதான். காதல் டீம் எங்களை விட ரெண்டு மார்க் அதிகம்.

போன வாரம் ஊருக்குப் போய் லேப்டாப்பில் அப்புச்சிக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார். அந்த ஐந்து அங்குலத் துணியை அறுக்காமல், நெய்த துணியைச் சுற்றும் படமரத்திலேயே சுற்றி வைத்திருக்கிறார், அதற்கு மேல் வழக்கமான போர்வையை ஏற்றி நெய்துகொண்டிருக்கிறார். அட்டை மாலையும் ஆணியில் தொங்குகிறது.

"மிச்சம் 53 வரிசைக்கு அட்டை எப்ப வரும் அம்மிணி?" என்றார்.