குன்றுக்கோட்டைக் கேள்விக்கு ஒரு மெய்டன் காசில் போதும்

முதுகலைத் தொல்லியலில் ஐரோப்பியத் தாள் எடுப்பவர்கள் குன்றுக்கோட்டைகளை (குன்றின் மேல் கரையும் அகழியும் சூழ அமைத்த பழங்கால அரண்கள்) கண்டால் மிரள்வது இயல்பு. பிரிட்டன், அயர்லாந்தில் மட்டும் 4,000க்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் மேய வேண்டாம். நான் இங்கிலாந்தின் டோர்செட்டில் உள்ள மெய்டன் காசிலை மட்டும் ஆழமாகப் படித்தேன், தேர்வுக்கு அதுவே தாங்கியது.

முதலில் தரைப்படத்தைக் கையால் வரைந்து பழகுங்கள். கல் மதில் கிடையாது. அகழி வெட்டிய சுண்ணப்பாறையும் மண்ணும்தான் வரிசை வரிசையாகக் கரையாக நிற்கின்றன. வாசல்கள் ஏன் அப்படி வளைந்து போகின்றன என்பது வரையும்போதுதான் பிடிபடும். உள்ளே வருபவர் நேராக ஓடிவர முடியாது, மேலிருந்து கவண்கல் விழும். கடற்கரையிலிருந்து கொண்டுவந்த கூழாங்கற்கள் ஆயிரக்கணக்கில் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

காலவரிசையைச் சுருக்கமாக எழுதினால் போதும்: புதிய கற்கால வளாகம், அதன்மேல் 546 மீட்டர் நீள மண்மேடு, கி.மு. 600 வாக்கில் முதல் கோட்டை, பிறகு சுமார் 19 ஹெக்டேருக்கு விரிவு, கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ரோமானியக் கோயில்.

மதிப்பெண் கிடைக்கும் இடம் கிழக்கு வாசல் கல்லறைகள். 1934 முதல் 1937 வரை இங்கே தோண்டியவர் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் (ஆம், 1945இல் அரிக்கமேட்டில் தோண்டிய அதே வீலர்தான்). முதுகெலும்பில் இரும்பு முனை தைத்த எலும்புக்கூட்டைக் கண்டதும், ரோமானியத் தளபதி வெஸ்பாசியனின் படை கி.பி. 43இல் தாக்கியதாகக் கதை கட்டினார். அருமையான கதை, ஆனால் அதை அப்படியே ஒப்பிக்காதீர்கள். அவசரமாகப் புதைத்ததாக அவர் சொன்ன பிணங்களுக்குப் பக்கத்தில் பானையும் இறைச்சியும் எதற்கு? 2025இல் வெளிவந்த கரிமக் காலக்கணிப்பும் இந்தச் சாவுகள் ஒரே நாளில் நடந்தவை அல்ல, சில தலைமுறைகளில் பரவியவை என்றது. அப்படியானால் உள்ளூர்ச் சண்டைகளாக இருக்கலாம். சான்று எது, ஊகம் எது என்று பிரித்து எழுதுங்கள். திருத்துபவர் தேடுவது அதைத்தான்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால், இது சட்டப்படி பட்டியலிடப்பட்ட நினைவுச்சின்னம், இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் என்ற அமைப்பு பராமரிக்கிறது, அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவது குற்றம் என்று எழுதிவிட்டு, 1985-86இல் தொல்லியலாளர் நைல் ஷார்ப்பிள்ஸ் செய்த மறு அகழாய்வைச் சேருங்கள். பராமரிப்புத் திட்டத்தை ஒட்டித்தான் அதுவும் நடந்தது.