ஆசைக்குக் கூலி

மார்ச் 3, திங்கள்
உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட சோதனையை மறுபடி படித்தேன். கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு மட்டும், முடிக்கிற ஒவ்வொரு புதிருக்கும் 1 டாலர். பிறகு காசை நிறுத்தினார். ஓய்வு நேரத்தில் அந்தக் குழு புதிரைத் தொடுவது முன்பைவிடக் குறைந்துபோனது. பிடித்துச் செய்துகொண்டிருந்த ஒன்றுக்குக் கூலி வந்ததும், பிடிப்பு தளர்ந்துவிட்டது.

மார்ச் 5, புதன்
காதலிலும் இது நடக்குமா? 1980-இல் செலிக்மன், ஃபாசியோ, சான்னா மூவரும் இதைத்தான் சோதித்தார்கள். காதலிக்கிறவர்களிடம் பாதி எழுதிய வாக்கியங்களைக் கொடுத்து முடிக்கச் சொன்னார்கள். சிலருக்கு வந்த வாக்கியங்கள், அந்த உறவில் தங்களுக்கு இருக்கும் மகிழ்ச்சியை நினைக்க வைத்தன. மற்றவர்களுக்கு வந்தவை, அதனால் என்ன கிடைக்கிறது என்று யோசிக்க வைத்தன. ஆதாயத்தை யோசித்தவர்கள், தங்கள் காதலையே குறைவாக மதிப்பிட்டார்கள். கல்யாணம் வரை போகும் என்ற எதிர்பார்ப்பும் அவர்களிடம் குறைவு. அவர்களுடைய துணையிடம் எதுவும் மாறவில்லை. கேள்விதான் வேறு!

மார்ச் 6, வியாழன்
வரன் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருக்கும் தோழி போன் செய்தாள். வீட்டில் தினமும் சம்பளம், சொந்த வீடு, வெளிநாடு என்றே பேச்சாம். "முதல்ல இருந்த ஆசை இப்ப இல்லடி" என்றாள். அவரிடம் என்ன குறை என்றால் சொல்லத் தெரியவில்லை. அவரோடு பேசும்போது உனக்கு எது பிடிக்கிறது என்று கேட்டேன். இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லையாம். எனக்கு மனசு கனத்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு
மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் ஆய்வு, 1979. நெருங்கிப் பழக நினைக்கும் ஒருவருக்கு உதவி செய்கிறோம். அவர் உடனே ஈடாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டால், அவர் மீதுள்ள ஈர்ப்பு குறைகிறது. வெறும் கொடுக்கல் வாங்கல் உறவிலோ அதே செயல் ஈர்ப்பைக் கூட்டுகிறது.

அதற்காகக் கணக்கே பார்க்கக் கூடாது என்று யாராவது இதை ஒரு மனைவியிடம் நீட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சமையல், பிள்ளைகள், மாமியாரின் மருந்து எல்லாம் ஒருத்தி தலையிலேயே விழுகிற வீட்டில் அவள் கணக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அங்கே ஆசையைத் தேய்ப்பது அவள் போடும் கணக்கு அல்ல, அந்தச் சுமை. தோழியிடம் இதையும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே வேலைப் பங்கீட்டை அவரிடம் பேசிவிடட்டும்.