ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற ஸ்பைக் பஸ்டர் மட்டும் போதுமா?

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் சித்திரை, வைகாசியில் கோடை இடிமழை, அப்புறம் புரட்டாசி, ஐப்பசியில் சாயங்கால இடிமழை. மழைக்கு மறுநாள் சர்வீஸ் கடைகளுக்கு ஆம்ப்ளிஃபயரும் ஹோம் தியேட்டரும் வந்து சேரும். "இடி விழுந்து செட்டு போயிடுச்சு" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மூடியைக் கழற்றினால் பல நேரம் கதை வேறு. போர்டில் செம்புத் தடம் தெறித்து, ஐசி மேல் பொத்தல் விழுந்திருந்தால் இடியின் சர்ஜ், அதாவது கணநேர வோல்ட் எகிறல், என்று சந்தேகிக்கலாம். ஃபில்டர் கெப்பாசிட்டர் தலை உப்பி, எம்ஓவி (வோல்ட் எகிறினால் கரண்டைத் தன் வழியே திருப்பிவிடும் சின்ன வில்லை) கருகிப் பிளந்து, ஃபியூஸ் கண்ணாடி கறுத்திருந்தால் அது ஹை வோல்டேஜ். பெரும்பாலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) போன வேலை. முன்னது மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும், பின்னது நிமிஷக் கணக்கில் நிற்கும். இரண்டுக்கும் ஒரே சாதனம் உதவாது. கடையில் "சர்ஜ் புரொடெக்டர்", "ஸ்பைக் பஸ்டர்" என்று கேட்டால் கிடைப்பது முன்னதற்கு மட்டும்.

தெருக் கம்பியில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் அந்த 400 வோல்ட்டில் தொடராக மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் வாட்டர் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் என்று 1600 வாட் ஓடுகிறது. இன்னொரு வீட்டில் ஃபேன், டிவி, ஆம்ப்ளிஃபயர் என்று 400 வாட். முதல் வீட்டுக்குச் சுமார் 80 வோல்ட், இரண்டாவது வீட்டுக்கு 320. மூன்றாவது ஃபேஸும் சேர்ந்தால் எண்கள் மாறும், ஆபத்து மாறாது. லோடு குறைவாக இருக்கும் வீட்டுக்குத்தான் அடி அதிகம்.

நியூட்ரல் ஏன் போகிறது? காற்றில் தென்னை மட்டை கம்பிமேல் விழும். அலுமினியமும் செம்பும் சேரும் முறுக்கு நாளாக ஆக்சைடு பிடித்துத் தளரும். தளர்ந்த முறுக்கு சாதாரண நாளில் தாங்கும். ஊர்த் திருவிழாவுக்கு சீரியல் செட்டும் குழாய் விளக்கும் ஏறினால் அன்றைக்குப் பார்த்துச் சூடாகி விட்டுவிடும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் தோப்புகளுக்கு நடுவே நீளமாக லைன் இழுத்த இடங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல்.

320 வோல்ட்டில் செட்டுக்குள் என்ன நடக்கும்? 100-240 என்று போட்ட எஸ்எம்பிஎஸ் (பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஸ்விட்சிங் வகை) சப்ளை பொதுவாக 264 வரை தாங்கும்படி செய்திருக்கும். 320 ஏறினால் உள்ளே டிசி 450 வோல்ட்டைத் தொடும். அங்கே இருப்பது 400 வோல்ட் கெப்பாசிட்டர் என்றால் வெடிக்கும். அசெம்பிள் செட்டுக்கு 320 வரைகூடப் போக வேண்டாம். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 230-ல் ரெயில் (ஆம்ப்ளிஃபயர் போர்டுக்குப் போகும் டிசி) சுமார் ±33 வோல்ட். மெயின் 270 ஆனால் ±39. கஞ்சத்தனம் பண்ணி 35 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டவர்களுக்கு அதுவே போதும். அந்த இடத்தில் 50 வோல்ட்டுக்குக் குறைந்து போடக் கூடாது, 63 இன்னும் நல்லது.

ஆகவே முதல் செலவு ஸ்பைக் பஸ்டர் அல்ல, ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப். மெயின் போர்டில் டின் ரெயிலில் (எம்சிபி மாட்டும் உலோகப் பட்டை) மாட்டுகிற, எண் காட்டுகிற வகை எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு 63 ஆம்பியர் வகை. ஓவர் 265, அண்டர் 180, திரும்ப இணைக்கும் தாமதம் ஃபிரிட்ஜுக்காக 3 நிமிடம் என்று வையுங்கள். 250-ல் வைத்தால் ராத்திரி லோடு குறையும்போது வோல்டேஜ் ஏறி சும்மா சும்மா கட் ஆகும். கடுப்பில் யாராவது அதை பைபாஸ் பண்ணிவிடுவார்கள். த்ரீ ஃபேஸ் சர்வீஸ் என்றால் நியூட்ரல் ஃபெயில் பார்க்கிற த்ரீ ஃபேஸ் ரிலேயும், அது சொன்னதும் லோடைத் துண்டிக்கும் கான்டாக்டரும் வேண்டும். ரிலே துண்டிக்கச் செகண்டில் ஒரு பங்காவது பிடிக்கும், அதனால் இடியை அது தடுக்காது.

அடுத்தது எர்த். இதில்தான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. மூன்று பின் சாக்கெட் இருக்கும், உள்ளே பச்சை வயர் எங்கும் போயிருக்காது. மீட்டர் வைத்துப் பாருங்கள்: ஃபேஸ்-எர்த் அளவு ஃபேஸ்-நியூட்ரல் அளவை ஒட்டி வர வேண்டும், நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்-எர்த் நூறு சொச்சம் காட்டினால் எர்த் அந்தரத்தில் நிற்கிறது. மீட்டர் சரியாகக் காட்டிவிட்டால் மட்டும் எர்த் நல்லது என்று ஆகாது. எலெக்ட்ரீஷியனிடம் எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி. இந்தப் பக்கத்துப் பாறை நிலத்தில், கோடையில் மண் காய்ந்தபின் அந்த எண் எளிதில் வராது. 2.5 மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரி, உப்பு, மாதம் இரண்டு முறை தண்ணீர். போதாவிட்டால் தள்ளி இன்னொரு குழி போட்டு இணைக்க வேண்டும். சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து "எர்த் கொடுத்தாச்சு" என்பவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். நியூட்ரல் அறுந்த அன்று ஆம்ப்ளிஃபயர் பெட்டியே ஷாக் அடிக்கும்.

எர்த் சரியான பிறகு மெயின் போர்டில் டைப் 2 எஸ்பிடி, அதாவது சர்ஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம். பார்க்க வேண்டிய எண்கள்: யூசி (தொடர்ந்து தாங்குவது) 320 வோல்ட், ஐஎன் (பல முறை தாங்கும் சர்ஜ்) 20 கிலோ ஆம்பியர், ஐமேக்ஸ் (அதிகபட்ச சர்ஜ்) 40, யூபி (சர்ஜின்போது செட்டுப் பக்கம் மிஞ்சுவது) 1.5 கிலோவோல்ட்டுக்கு மேல் போகாமல். நம் வீடுகளுக்குப் பொருந்துவது 1+1 வகை: ஃபேஸ்-நியூட்ரலுக்கு எம்ஓவி, நியூட்ரல்-எர்த்துக்கு ஸ்பார்க் கேப். இது ஆர்சிசிபிக்கு (எர்த் லீக்கேஜ் பிரேக்கர்) முன்னால் வர வேண்டும், கட்-ஆஃப் ரிலேக்கும் முன்னால். எர்த் வயர் 6 ஸ்கொயர் எம்எம். இணைக்கும் வயர்களின் மொத்த நீளம் அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு மீட்டர் வயர் சுமார் ஒரு மைக்ரோஹென்றி (வேகமாக ஏறும் கரண்டை எதிர்க்கும் தன்மையின் அளவு). சர்ஜ் மைக்ரோசெகண்டுக்கு ஒரு கிலோ ஆம்பியர் வேகத்தில் ஏறினால் அந்த மீட்டரில் மட்டும் ஆயிரம் வோல்ட் விழும். அழகுக்காக வயரை வளைத்து வளைத்துக் கட்டினால் எஸ்பிடிக்குக் கொடுத்த காசு வீண்.

செட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற ஸ்பைக் பஸ்டர் ஸ்ட்ரிப் கடைசிக் காவல்தான். விலை குறைந்தவற்றில் பலவற்றைத் திறந்தால் ஒரு ஸ்விட்ச், ஒரு நியான், ஒரு ஃபியூஸ், அதிர்ஷ்டமிருந்தால் நகக்கண் அளவு எம்ஓவி. டப்பாவில் பெரிதாக அச்சடித்த ஜூல் (தாங்கும் ஆற்றல்) எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்று வழியிலும் காப்பு இருக்கிறதா, தெர்மல் ஃபியூஸ் இருக்கிறதா, காப்பு போனதைக் காட்டும் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து வந்தது பிரச்சினையில்லை, அங்கேயும் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த 120 வோல்ட் ஸ்ட்ரிப்பை மாற்று பின் போட்டுச் செருகினால், உள்ளே இருக்கும் 150 வோல்ட் எம்ஓவி உடனே புகையும்.

சொந்தமாகப் போடுபவர்கள் டவுன்ஹால் ரோடு பக்கம் எம்ஓவி கேட்டால் 14டி431கே எடுத்துக் கொடுப்பார்கள். 431 என்றால் 430 வோல்ட்டில் கடத்தத் தொடங்குவது, தொடர்ந்து தாங்குவது 275 வோல்ட் ஏசி. இங்கே 260 சாதாரணமாக வருகிற தெருக்களில் அது விளிம்பில் நிற்கும். 20டி511கே வாங்குங்கள், அது 320 வரை தாங்கும். சர்ஜை மட்டுப்படுத்திப் பிடிக்கும் வோல்டேஜ் 710-லிருந்து 845 ஆக ஏறும்தான், ஆனால் ஹை வோல்டேஜில் தீப்பிடிக்கிற எம்ஓவியைவிட இது மேல். ஃபியூஸ் முன்னால், எம்ஓவி பின்னால், எம்ஓவி உடம்பை ஒட்டி ஒரு தெர்மல் ஃபியூஸ். எம்ஓவி சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். திரைச்சீலைக்குப் பின்னால் ஸ்ட்ரிப்பைச் சொருகி வைக்காதீர்கள்.

ஸ்டெபிலைசர் சர்ஜைத் தடுக்காது. இன்வெர்ட்டரும் கரண்ட் இருக்கும்போது லைனை அப்படியே உள்ளே விடுகிற வகைதான். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் "ஆடியோஃபைல்" பவர் கார்டு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மெயினை மட்டும் அடைத்துவிட்டு டிஷ் வயரை மறந்துவிடுகிறார்கள். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து கோஆக்ஸ் செட்டாப் பாக்ஸுக்கு, அங்கிருந்து எச்டிஎம்ஐ ஆம்ப்ளிஃபயருக்கு. சர்ஜுக்கு அது திறந்த வாசல். டிஷ் கம்பத்தை வீட்டு எர்த்தோடு இணைத்து, கோஆக்ஸ் உள்ளே நுழையும் இடத்தில் கேஸ் டியூப் உள்ள அரெஸ்டர் (சர்ஜை எர்த்துக்கு விடும் இணைப்பு) போட்டு, அதையும் அதே எர்த்தில் சேருங்கள். டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் எல்லாம் ஒரே ஸ்ட்ரிப்பிலிருந்து எடுத்தால் சர்ஜ் வரும்போது எல்லாப் பெட்டியும் சேர்ந்தே ஏறி இறங்கும். சப்வூஃபர் உறுமலும் பாதி இடங்களில் இதிலேயே நின்றுவிடும்.

பக்கத்தில் விழும் இடிக்கு இவை எல்லாமும் உத்தரவாதம் இல்லை. வானம் கறுத்ததும் பிளக்கையும் கோஆக்ஸையும் சேர்த்துப் பிடுங்குங்கள். மின்னல் தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடாதீர்கள். பல்பு திடீரென்று பளீரென்று எரிந்து, பக்கத்து வீட்டில் மங்கினால் உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, நியூட்ரல் என்று சொல்லிப் புகார் கொடுங்கள். லைன்மேன் சரி செய்ததும் கட்-ஆஃப் டிஸ்ப்ளேயில் எண்ணைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் 220-250-க்குள் நின்றால் செட்டைப் போடலாம். எஸ்பிடி ஜன்னல் சிவப்பாகியிருந்தால் கேட்ரிட்ஜை மாற்றிவிட்டு.