சீனக்குடாவுக்குப் பக்கத்தில இருந்து சீனம் டைப் பண்ணின கதை

எங்கட கடையில 20 வருசத்துக்கு மேல டைப்பிங் வேலை நடக்குது, பயோடேட்டா, கல்யாணக் காட், மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவிலதான். பாமினியில அடிச்ச ஆக்களுக்கு விளங்கும், 'அம்மா' எண்டு வரோணும் எண்டா எம், கே, செமிகோலன், கே, எச் எண்டு தட்டோணும், சத்தத்துக்கும் கீக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, விரலுக்குத்தான் தெரியும், என்னட்டக் கேட்டா யோசிச்சுத்தான் சொல்லுவன். அந்தத் திமிரிலதான் ஒருநாள் அக்காட மகளிட்ட "எந்தப் பாஷை எண்டாலும் கொண்டா, மாமா அடிச்சுத் தாறன்" எண்டு வாய விட்டிட்டன். அவள் ஒன்லைனில சீனம் படிக்கிறாள். அடுத்த கிழமையே நாலு தாளோட வந்து நிக்கிறாள்.

கட்டுரை, தெற்கால இருக்கிற காலி எண்ட ஊரில கிடைச்ச கல்வெட்டப் பற்றி. 1409 எண்டு திகதி போட்ட கல்லு, செங் ஹே எண்ட சீனக் கடற்படைத் தளபதி கொண்டுவந்து வச்சது, 1911இல காலியில எடுத்து இப்ப கொழும்பு மியூசியத்தில நிக்குது. ஒரே கல்லில சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில புத்தருக்கு, தமிழில தெனாவரை நாயனார் எண்ட சாமிக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு எண்டு ஆளாளுக்கு ஒரு காணிக்கைப் பட்டியல். நாங்க திருகோணமலைச் சீனக்குடாவில பஸ் ஏறி இறங்கிற சனம், எங்களுக்கே இது பள்ளிக்கூடத்தில ஒழுங்கா சொல்லித் தரேல்ல, பிள்ளை சீனத்தில எழுதுது. கையால அழகா எழுதியிருந்தாள், கீழ சீன எழுத்து, அதுக்கு மேல இங்கிலீஷ் எழுத்தில உச்சரிப்பு, அதுக்கும் மேல சின்னச் சின்னக் கோடு.

நான் நினைச்சது ஆயிரக்கணக்கில எழுத்து இருக்கு, அதுக்கு ஒரு மேசை அளவு கீபோட் வேணும் எண்டு. அப்பிடி ஒண்டும் இல்லை. விண்டோஸ் செட்டிங்ஸில போய் சீன மொழியச் சேர்த்தா முடிஞ்சுது, நம்ம பெடியள் போனில 'அம்மா'வ இங்கிலீஷில தட்டித் தமிழாக்கிற மாதிரித்தான், உச்சரிப்ப இங்கிலீஷில தட்ட கீழ ஒரு பெட்டி திறந்து 1, 2, 3 எண்டு நம்பர் போட்டு எழுத்துகள் வரும், வேணுமானத எடுக்கலாம், ஸ்பேஸ் தட்டினா முதலாவது விழும். இந்த இங்கிலீஷ் உச்சரிப்புக்குப் பேர் பின்யின். 1958இல சீன அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அத உருவாக்கின குழுவில முக்கியமான ஆள் சோ யோகுவாங், அவர் உண்மையில பொருளாதாரம் படிச்சவர், 111 வயசு மட்டும் இருந்தவர். கொம்பியூட்டர் வரும் எண்டு நினைச்சு செய்திருக்க மாட்டார், ஆனா இண்டைக்கு அத வச்சுத்தான் நானும் தட்டுறன்.

சரி, சுகம்தானே எண்டு படபடவெண்டு ஸ்பேஸத் தட்டிக்கொண்டு போனன். அரைமணித்தியாலத்தில ஒரு பக்கம். மருமகள் வந்து பார்த்திட்டு சிரிக்கத் தொடங்கினவள் நிப்பாட்டவே இல்லை. செங் ஹே எண்டு தட்டினதுக்கு என்ட மெசின் முதலாவதா தந்தது 'ஒருங்கிணைக்கிறது' எண்ட சொல்லாம், அப்ப கட்டுரை முழுக்க ஒருங்கிணைப்பு கப்பலில வந்து ஒருங்கிணைப்பு கல்லு நட்டிருக்கு. இன்னொரு இடத்தில 'டா' எண்டு வரும், அவன், அவள், அது மூண்டுக்கும் சத்தம் ஒண்டுதான், எழுத்துத்தான் வேற. 'அவளு'க்கு இடப்பக்கத்தில பெண் எண்ட எழுத்து ஒட்டியிருக்கும். நான் ஸ்பேஸத் தட்டித் தட்டி அவளிட டீச்சர் அம்மாவ ஆம்பிளையாக்கிப்போட்டன்.

அப்பத்தான் எனக்கு விசயம் பிடிபட்டுது. தமிழில நான் வாசிக்காமலே அடிப்பன், எத்தினையோ மரண அறிவித்தல் யார் செத்தது எண்டே தெரியாம அடிச்சுக் குடுத்திருக்கிறன். சீனத்தில அது சரிவராது. தட்டுறது பாதி வேலை, பெட்டியில எது எண்டு எடுக்கிறது மிச்சப் பாதி, அதுக்குப் பாஷை தெரியோணும். கடைக்காரனுக்குப் பிடிச்ச உதாரணம் ஒண்டு சொல்லுறன், 'மை' எண்டு தட்டினா வாங்கிறதும் வரும் விக்கிறதும் வரும், எழுத்தும் கிட்டத்தட்ட ஒண்டு, வாங்கிறதுக்கு மேல ஒரு சின்ன சிலுவை போட்டா விக்கிறது. வாய்ச்சத்தத்தில வாங்கிறது கீழ போய் மேல வரும், விக்கிறது டக்கெண்டு கீழ விழும். (எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் கேக்குது.)

பாமினி மாதிரி சத்தத்த விட்டிட்டு வடிவத்தப் பார்த்து அடிக்கிற முறையும் சீனத்தில இருக்கு, வூபி எண்டு 1983இல வந்தது, பழகினவங்கள் நல்ல ஸ்பீட்டா அடிப்பாங்களாம். எனக்கு அதுதான் ஒத்துவரும் போல கிடந்துது, ஆனா பழக மாசக்கணக்காகும், மருமகளுக்குத் தாள் வெள்ளிக்கிழமை வேணும்.

பிறகு அவளப் பக்கத்தில இருத்தி வச்சு அடிச்சன். அவள் "ரெண்டு மாமா, நாலு மாமா" எண்டு நம்பர் சொல்ல நான் தட்டினன். 'மகள்' எண்ட சொல்லு வரவே இல்லை, என், யூ எண்டு தட்ட 'கோவம்' எல்லாம் வருது, பார்த்தா அந்த யூவுக்கு மேல ரெண்டு புள்ளி இருக்கு, கீபோட்டில அப்பிடி ஒரு எழுத்து இல்லை, அதுக்கு வீ தட்டோணுமாம். பின்யினில வீ எண்ட எழுத்துக்கு வேற வேலை இல்லாததால அத இதுக்குக் குடுத்திட்டாங்கள். ஆர் கண்டான்! 'தமிழ்' எண்டு சீனத்தில எழுதினா டை, மீ, அர் எண்டு மூண்டு எழுத்து, நடுவில இருக்கிற 'மீ' அரிசி. எங்கட பாஷைக்கு நடுவில அரிசிய வச்சிருக்கிறாங்கள், எனக்கு நல்லாப் பிடிச்சுது.

கடைசி வேலைதான் உச்சரிப்புக்கு மேல போடுற கோடு, சத்தம் ஏறுதா இறங்குதா எண்டு காட்டுறது. டைப் பண்ணேக்க அது வராது, வேர்டில இன்சேர்ட் சிம்பலுக்குப் போய் ஒவ்வொண்டாப் பொறுக்கோணும். நேர்க்கோடு, ஏறுற கோடு, கீழ போய் மேல வாற கோடு, இறங்கிற கோடு. ரெண்டு இரவு இருந்து பொறுக்கினன். முடிச்ச பிறகு ஒரு பெடியன் சொல்லுறான் வேர்டில சீனத்தச் சேர்த்தா உச்சரிப்ப அதுவே எழுத்துக்கு மேல போட்டுத் தரும் எண்டு. ஆனா அதையும் கண்ண மூடிக்கொண்டு நம்பேலாது, ஒரே எழுத்துக்கு 'நடக்கிறது' எண்டா ஷிங், 'பாங்க்'கில வந்தா ஹாங்.

தாள் திரும்பி வந்துது, மூண்டாவது கோடு எல்லாத்துக்கும் சிவப்பு வட்டம். அது கூரா வீ மாதிரி இருக்கோணுமாம், நான் பொறுக்கினது கிண்ணம் மாதிரி வளைஞ்சது, அது ருமேனியாக்காரன் பாவிக்கிறது. ஸ்கிரீனில என்ட கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு. அஞ்சு உயிரெழுத்துக்கும் அஞ்சு தரம் ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு மாத்தி, திரும்பப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தன், இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு.