மாவட்டத் தடகளமும் ஒரு செருப்பும்

6 அக்டோபர் 2025, திங்கள் இரவு

நாளையும் மறுநாளும் வருவாய் மாவட்ட அளவிலான பள்ளித் தடகளப் போட்டி. கூடப் படித்தவன் இப்போது பி.டி. மாஸ்டர், "மாப்ள, கல்யாணம் இல்லாத நாள்தானே, வந்து எடுத்துக் குடு, சாப்பாடு நம்ம பொறுப்பு" என்றான். சம்பளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, நானும் கேட்கவில்லை. கேனன் 90டி கேமரா, 70-200 லென்ஸ், பேட்டரி மூன்று. கல்யாண மண்டபத்தில் ஷட்டர் வேகம் 1/125 வைத்தே பழகிய கை இது. ஓடுகிற பிள்ளையை அதில் எடுத்தால் காலுக்குப் பதிலாகப் புகைதான் விழும். 1/1000-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று மெமரி கார்டு டப்பா மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

7 அக்டோபர், செவ்வாய்

ஆறரைக்கே போய்விட்டேன். மண் டிராக்தான், சுண்ணாம்புப் பொடியில் எட்டு லேன், பனி ஈரத்தில் கோடு பளிச்சென்று இருந்தது. பத்து மணிக்குள் நூறு மீட்டர் தகுதிச் சுற்றுகள் ஓடி ஓடியே முதல் மூன்று லேன் கோடு காணாமல் போய்விட்டது. பாதிப் பிள்ளைகளுக்கு வெறுங்கால். பனியன் முன்னால் குத்தியிருக்கும் நம்பர் துணி ஊக்கு கழன்று ஒரு பக்கம் தொங்க, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடுகிறான் ஒருவன், அப்படி ஓடியும் இரண்டாவது வந்தான்.

துப்பாக்கி வெடிக்கிற இடத்தில் நின்று பார்த்தபோது ஒன்று புரிந்தது. முடிவுக்கோட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கும் ஆசிரியர்கள் சத்தத்துக்காகக் காத்திருப்பதில்லை, புகை தெரிந்ததும் அமுக்கிவிடுகிறார்கள். நூறு மீட்டரைக் கடந்து சத்தம் வந்து சேரக் கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும், அதற்குள் பையன் கிளம்பத் தொடங்கியிருப்பான்.

நான் நின்றது முடிவுக்கோட்டுக்கு இருபது மீட்டர் தள்ளி, நேர் எதிரே. முகம் நன்றாக விழும். ஆனால் லென்ஸை 200-இல் இழுத்தால் முன்னால் வருகிறவனும் ஒரு மீட்டர் பின்னால் வருகிறவனும் தோளோடு தோள் உரசுகிற மாதிரி ஒட்டிக்கொள்கிறார்கள். சூப்பர் சீனியர் பிரிவு இருநூறு மீட்டரில் மூன்றாவது வந்த பையனின் அப்பா கேமராத் திரையைப் பார்த்துவிட்டு, "பாருங்க சார், ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வர்றாங்க" என்று என்னை நடுவர் மேசைக்கே இழுத்துப் போகப் பார்த்தார். சார், அது லென்ஸ் பண்ற வேலை என்றேன். நம்பவில்லை. என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்.

மதியம் எலுமிச்சை சாதம். உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது.

8 அக்டோபர், புதன்

சீனியர் பெண்கள் நீளம் தாண்டுதல். குழிக்கு முன்னால் உட்காரலாம் என்றால் வெயில் நேராக லென்ஸுக்குள் அடிக்கிறது. அதனால் ஓடுபாதை ஓரமாக, கால் ஊன்றித் தாண்டும் பலகைக்கு நாலடி பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். 214 நம்பர் பெண் கடைசி வாய்ப்பில் தாண்டினாள், சரியான தாண்டல் என்று நடுவர் வெள்ளைக் கொடி தூக்கினார், அதில்தான் அவளுக்கு முதலிடம். இரண்டாவது வந்தது நம்ம மாஸ்டரின் பள்ளிப் பிள்ளை.

படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் ஒன்றில் நின்றுவிட்டான். 214-இன் ஷூ நுனி பலகையைத் தாண்டி மண்ணில் இருப்பது போலவே இருக்கிறது. விளிம்பே தெரியவில்லை. "மாப்ள, இது ஃபவுல்டா, தாண்டினதே செல்லாது." பெரிதாக்கிப் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நடுவரிடம் காட்டலாம் வா என்கிறான். நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். பரிசு கொடுக்கும்போது அந்தப் பெண் மூன்று பேரில் நடுவில் நின்று பல்லைக் காட்டாமல் சிரித்தாள். அதையும் எடுத்தேன், கொஞ்சம் ஆடிவிட்டது.

8, இரவு

தூக்கம் வரவில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடி, மூன்றாவது வந்தவர் 55.41. அந்த நூறில் ஒரு பங்கைக் கண்ணால் யாரும் பார்த்திருக்க முடியாது, போட்டோ ஃபினிஷ் பார்த்துத்தான் சொன்னார்கள். அந்தக் கேமரா முடிவுக்கோட்டின் நேர்க்கோட்டில் நின்று கோட்டை மட்டும்தான் பார்க்கும், வேறெதையும் பார்க்காது. நான் எங்கே உட்கார்ந்திருந்தேன்? நாலடி பின்னால்.

9 அக்டோபர், வியாழன்

காலையில் வாசல்படியில் என் செருப்பை வைத்தேன், நுனி விளிம்புக்கு இரண்டு விரல்கடை உள்ளே. நேற்று உட்கார்ந்த அதே உயரத்தில் நாலடி பின்னாலிருந்து ஒரு படம்: செருப்பு நுனி விளிம்பை மறைத்துக்கொண்டு, படியைத் தாண்டி நிற்கிறது. விளிம்புக்கு நேர் பக்கவாட்டில் தரையோடு படுத்து இன்னொரு படம்: இரண்டு விரல் இடம் சுத்தமாகத் தெரிகிறது. நகர்த்தி நகர்த்தி ஏழெட்டு எடுத்திருப்பேன். வீட்டில், "என்னங்க, செருப்புக்குக் கல்யாண ஆல்பமா?" என்று கேட்டாள். பால்காரரும் பார்த்துவிட்டார்.

இரண்டு படத்தையும் மாஸ்டருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் போன். "அப்ப ஃபவுல் இல்லங்கிறியா?" அப்படியும் சொல்லவில்லை, என் படத்தை வைத்து ஃபவுல் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, கோட்டுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் நடுவர் ஒருத்தர்தான் என்றேன். "சரி விடு" என்றான். குரலில் சரி இல்லை.

12 அக்டோபர், ஞாயிறு

214-இன் பள்ளியிலிருந்து படம் கேட்டார்கள். அந்தப் படத்துக்கு அடுத்ததை அனுப்பினேன். இரண்டு காலும் காற்றில், பின்னல் ஒன்று வாயில் மாட்டியிருக்கிறது, கண் குழிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பார்க்கிறது. முந்தையதை அழிக்கவில்லை, கார்டிலேயே கிடக்கிறது.

மாஸ்டர் மாநிலப் போட்டிக்கும் வரச் சொல்கிறான். இந்த முறை பலகைக்கு நேராக உட்காரணுமாம். அங்கே நடுவர் நாற்காலி இருக்கும், நான் அவர் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கணும்.